கயிற்றைப் பிடித்தவர்

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்த முதல் ஞாயிறு, காட்டின் ஓரத்தில் வெகுநேரம் தயங்கி நின்றேன். நாயோடும் குழந்தை வண்டியோடும் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. என் கண்களோ சோதனைச்சாவடியைத் தேடின. நீலகிரிச் சரிவில் எங்கள் இருளர் ஊரில், தேனெடுக்கப் போகிறவர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைய வேண்டும். வெள்ளைக்காரர் காலத்துக் காட்டுச் சட்டம் எங்களை எங்கள் காட்டிலேயே வெளியாளாக்கியது எப்படி என்பதுதான் இங்கே என் ஆய்வு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

இங்குள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில், எங்கள் நீலகிரிப் பக்கம் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. பாறை முகட்டிலிருந்து கயிற்றில் ஒருவர் தொங்குகிறார். மேலே இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். 'தேனெடுப்பவனும் கூலியாளும்' என்று ஜெர்மனில் குறிப்பு. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் அந்தக் கயிற்றைக் கூலியாளிடம் கொடுப்பதில்லை. கூடப்பிறந்தவனிடமும் கொடுப்பதில்லை. மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கீழே தொங்குவது தன் சகோதரியின் வாழ்க்கை என்பதால் அந்தக் கை நழுவாது.

காப்பகப் பொறுப்பாளர் திருமதி வேபரிடம் குறிப்பைத் திருத்தச் சொன்னேன். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார். எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் அப்பாவுக்கு என் தாய்மாமாதான் கயிறு பிடிக்கிறார் என்றேன். வீட்டு நினைவு வந்துவிட்டதாக எண்ணி, பரிவோடு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "இது ஏக்கம் இல்லை, சான்று." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அன்ட்ராக் எழுதித் தரச் சொன்னார். எழுத்தில் விண்ணப்பிக்காமல் இந்த நாட்டில் எதுவும் அசையாது.

மாமாவைப் போனில் அழைத்து விவரம் சொன்னேன்.

"கூலின்னா எழுதியிருக்கான்? உங்கப்பன் எனக்கு இதுவரைக்கும் ஒரு பீடி வாங்கித் தந்ததில்ல கண்ணு" என்றார். ஊரில் நான்கு பேரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டு, மறுநாள் அழைத்து, சான்றாகத் தன் பெயரையே போடச் சொன்னார்.

போன வாரம் புகைப்படத்தின் குறிப்பு அட்டை மாறியது. 'தேனெடுப்பவரும் அவர் மைத்துனரும்.' அதன் கீழே, சான்று: நஞ்சன், தேன் கயிறு பிடிப்பவர். பழைய வரியை அழிக்க வேண்டாம், அதன் மேல் கோடு மட்டும் போடுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். நடந்த தவறை மறைத்துவிட்டால் அது என்ன திருத்தம்?

இந்த ஞாயிறு, இங்குள்ள காட்டுக்குள் நடந்தபடியே மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். "இரு கண்ணு, பையைத் திறக்கச் சொல்றாங்க" என்றார். அடுத்து அவர் குரல் யாரிடமோ நிதானமாகச் சொல்வது கேட்டது: "பேரச் சரியா எழுதுங்க சார். நஞ்சன்."

என்னை யாரும் நிறுத்தாத காட்டுக்குள் நின்றபடி, எங்கள் காட்டின் வாசலில் அவரோடு காத்திருந்தேன்.