சிப்பி அறையில் இருபது பேர்

1. ஈரம்

அந்த அறைக்குள் முதல் தடவை இறங்கியபோது தரையில் இருநூற்றுப் பதினேழு சிப்பிகள் கிடந்தன. எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். வளைந்த கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை பெய்து மாதக் கணக்காகியிருந்தது.

அப்போது நான் ஜெபல் அலியில் ஒரு மெயின்டெனன்ஸ் கம்பெனியில் ஏ.சி. சூப்பர்வைசர். வயது ஐம்பத்தெட்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் துபாய் முழுக்க கிரேன்கள் நின்றன. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை. அதற்கு நடுவில் மேனேஜர் போன் செய்தார்.

"சார், வடக்கே ஒரு பழைய வீடு. வேற ஒரு பார்ட்டி ஏ.சி. போட்டு சொதப்பி வச்சிருக்கான். நீங்க போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துருங்க."

அவர் 'ஒரு பார்வை' என்றால் எனக்கு மூன்று மாதம் போகும் என்று அர்த்தம். போயிற்று.

வடக்கு எமிரேட் ஒன்றின் பழைய குடியிருப்பில், சற்று மேடான இடத்தில் ஒரு முத்து வியாபாரியின் வீடு. அதன் அடியில் ஏழு மீட்டர் நீளமும் நாலு மீட்டர் அகலமும் உள்ள ஒரு நிலவறை. சுவரும் கூரையும் முழுக்க முத்துச் சிப்பிகள். பளபளக்கும் உட்பக்கம் நம்மைப் பார்க்கும்படி ஒன்றையொன்று ஒட்டிப் பதித்திருந்தார்கள். இப்போதைய சொந்தக்காரரின் தாத்தா கட்டியது. முத்துக் குளிப்புக் காலம் முடிந்து படகுகள் திரும்பும்போது, முத்து எடுத்தபின் கடற்கரையில் எறியும் சிப்பிகளை அவர் மூட்டை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். குளிர்காலத்தில் பம்பாயிலிருந்து வாங்க வருகிறவர்களை இங்கே உட்காரவைத்து, விளக்கேற்றி, அதன்பிறகே முத்தைக் காட்டுவாராம். மற்ற மாதங்களில் கதவு பூட்டியே இருக்கும்.

சொந்தக்காரரை நாங்கள் அர்பாப் என்று அழைத்தோம். முதலாளி என்று பொருள். எழுபதைத் தாண்டியவர். இளமையில் பம்பாயில் இருந்ததால் சுத்தமான ஹிந்தி பேசுவார். எங்கள் பேச்சு ஹிந்தியில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தாத்தாவின் அறையை ஊர் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. யாரோ ஐந்து டன் மெஷினை மாட்டி, செப்டம்பர் மாதத்தில் பதினெட்டு டிகிரியில் ஓட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் இங்கே காற்று பிழியாத துணி மாதிரி. கதவு திறக்கும்போதெல்லாம் அது உள்ளே வந்து குளிர்ந்த சிப்பிமேல் தண்ணீராகப் படியும். சிப்பியைப் பிடித்திருப்பது ஜிப்சம் சாந்து. ஊறினால் அது பிடி விட்டுவிடும்.

மெஷினை நிறுத்தினேன். என்னோடு வந்த டெக்னீஷியன் அந்தோணி, தூத்துக்குடிக்காரன், கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, இதுக்கு மருந்து பூட்டுதான். அந்தத் தாத்தா அதத்தான செஞ்சிருக்காரு?"

"பூட்டுறதுக்கா நம்மள கூப்பிட்டிருக்காங்க?"

"அப்ப ஆளு வரப்பிடாது, அறை மட்டும் தெறந்திருக்கணும். அப்பிடி ஒண்ணு முடியுமா?"

கிண்டலாகத்தான் கேட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்து ஸ்டோர் ரூமில் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இரண்டு வைத்து, மெல்லிய டக்ட் குழாய் வழியாகக் காற்றைச் சுற்றவிட்டோம். விழுந்த சிப்பிகளைப் பழைய கட்டட வேலை தெரிந்த ஒரு குழு வந்து பதித்தது. நவம்பரில் அறையின் ஈரப்பதம் ஐம்பத்திரண்டு சதவீதத்தில் அசையாமல் நின்றது. எழுபதைத் தொடாதவரை சாந்துக்கு ஆபத்தில்லை என்று அந்தக் குழு சொல்லியிருந்தது.

2. மூச்சுவிட ஓவர்டைம்

அடுத்த கவலை மனிதர்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் மூச்சிலும் வேர்வையிலும் ஈரத்தைக் கொண்டுபோகிறார்கள். எத்தனை பேரை அந்த அறை தாங்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் காகிதக் கணக்கை நம்பி ஒரு கூரைக்குக் கீழே ஆட்களை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆட்களையே கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்கள் கம்பெனி பஸ்ஸில் முப்பது பேரை அழைத்துவந்தேன். வாரத்தில் ஒரே லீவு நாள். பஸ்ஸில் ஏறும்போதே திட்டு ஆரம்பமானது.

"சார், என்ன வேலைன்னு சொல்லுங்க. கடப்பாறையா, பெயின்டா?"

"ஒண்ணும் செய்ய வேணாம். உள்ள போய் கால் மணி நேரம் நிக்கணும். மூச்சு விடணும். அவ்ளோதான்."

பெரம்பலூர்க்காரர் முருகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூச்சு விடுறதுக்கு ஓ.டி. உண்டா சார்?"

"பிரியாணி உண்டு."

"அப்ப நல்லா இழுத்து விடுறோம்."

முதலில் பத்துப் பேர். ஈரப்பத மீட்டர் ஐம்பத்தாறு காட்டியது. அவர்களை வெளியேற்றி, பழைய அளவுக்கு வந்ததும் இருபது பேர். அறுபத்தொன்று. எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். விளக்கைப் போட்டதும் பேச்சு நின்றுபோனது. நாள் முழுக்க சிமென்ட்டையும் கம்பியையும் பார்க்கிற கண்கள். முருகேசன் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் எச்சில் சிப்பியா சார்? தூக்கிப் போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தூக்கிப் போட்டதுக்கே இப்படின்னா, வச்சுக்கிட்டது எப்படி இருந்திருக்கும்!" என்றார்.

மூன்றாவதாக முப்பது பேர். மீட்டர் அறுபத்தைந்தைத் தாண்டியது.

"மூச்சப் புடிச்சுக்கவா சார்?" என்றது ஒரு குரல். சிரிப்பு. சிரிப்பில் இன்னும் இரண்டு புள்ளி ஏறியது.

எழுபத்திரண்டில் கூரை நடுவில் பூத்தாற்போல் ஈரம் தெரிந்தது. "ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினேன். படியை நோக்கித் திரும்புவதற்குள் முருகேசன் தோளைச் சுருக்கிக்கொண்டு குதித்தார்.

"சட்டைக்குள்ள என்னமோ விழுந்திருச்சு!"

ஒரு சிப்பி. அதை அவர் முதுகிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது படியின் மேலே அர்பாப் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

3. டோக்கன்

அர்பாப் என்னை முற்றத்துக்கு அழைத்துப்போனார். வாசல் ஓரத்தில் மூன்று லாரி மணல் குவிந்திருந்தது. கட்டட வேலைக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"செப்டம்பரில் சிப்பிகள் விழுந்த அன்றே இதை வரவழைத்துவிட்டேன்" என்றார். "திறப்பு நாளில் இன்னொன்று விழுந்தால் அறையை மணலால் மூடிவிடுவேன். என் கண்முன் அது உதிர்ந்து அழிய வேண்டாம். மணலுக்குள்ளாவது முழுசாக இருக்கட்டும்."

"விழாது அர்பாப். ஒரு தடவைக்கு இருபது பேர், கால் மணி நேரம். அப்புறம் கால் மணி நேரம் இடைவெளி. வாசலில் டோக்கன் கொடுத்துவிடலாம், வங்கியில் கொடுக்கிற மாதிரி."

அவர் முகம் மாறிவிட்டது. "என் வீட்டு வாசலில் விருந்தாளிக்கு நம்பர் கொடுப்பதா? இது ஆஸ்பத்திரியா? என் தாத்தா வந்தவரை எண்ணியதில்லை. நானும் எண்ண மாட்டேன். ஊர் முழுக்க அழைத்திருக்கிறேன்."

அவரிடம் நான் வாதாடவில்லை. அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று தெரியும். ஆனால் இருபது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனவே வேறு வழி யோசித்தேன். படிக்குப் பக்கத்தில் விருந்தினர் அமரும் மஜ்லிஸ் இருந்தது. அங்கே இருபது பேருக்கு மட்டும் திண்டு போட்டு, மற்றவர்களை முற்றத்தில் அமரவைப்பது. உள்ளே இருப்பவர்களை அர்பாப் கீழே அழைத்துப்போவது. ஆளை எண்ண வேண்டாம், திண்டை எண்ணினால் போதும். அவரும் ஒப்புக்கொண்டார்.

4. காவா

திறப்பு நாள் மாலை. அரை மணி நேரத்தில் என் திட்டம் கவிழ்ந்தது. மஜ்லிஸில் புதிதாக ஒருவர் நுழைந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கைகுலுக்கி, நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். அந்த ஊரில் மஜ்லிஸ் ஒருபோதும் நிறைவதில்லை. இருபது திண்டில் முப்பத்துநாலு பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷமாக.

அர்பாப் என்னைப் பார்த்தார். நான் சமையல் பக்கம் ஓடினேன்.

அந்த வீட்டில் காவா ஊற்றுகிறவர் சாகுல் பாய், ராமநாதபுரத்துக்காரர். அங்கே பத்தொன்பது வருடமாக இருந்தார். ஏலக்காய் போட்ட காப்பியைக் கொக்கு மூக்குக் கூஜாவில் எடுத்துப்போய், கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவார். போதும் என்றால் விருந்தாளி கிண்ணத்தை ஆட்டிக் காட்டுவார். அதன்பிறகே எழுந்திருப்பது வழக்கம்.

"பாய், இருபது பேர் எந்திரிக்கலாம். மத்தவங்க உக்காந்தபடியே இருக்கணும். ஏதாச்சும் பண்ணுங்க."

"ஏ.சி. வேலைய நான் பாக்குறதா? நல்ல ஆளு சார் நீங்க!" என்றார். பிறகு கூஜாவை ஆட்டிப் பார்த்தார். "இதுல இருக்கறது இருபது பேருக்குத்தான் காணும். காலியாச்சு, புதுசா காய்ச்சிக் கொண்டாறேன்னு சொன்னா மிச்சப்பேரு அசைய மாட்டாங்க. புதுக் காவாவ விட்டுட்டு எந்த அரபி எந்திரிப்பான்?"

"எவ்ளோ நேரம் காய்ச்சுவீங்க?"

"உங்களுக்கு எவ்ளோ நேரம் வேணும்?"

நான் படி வாசலில் மீட்டரோடு நிற்பது, கைக்குட்டையைத் தோளில் போட்டதும் அவர் கூஜாவோடு வருவது என்று பேசிக்கொண்டோம்.

வலது பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டே போனார். இருபதாவது கிண்ணத்தில் கூஜா காலி. "புதுசா வருது" என்று அரபியில் சொல்லிவிட்டு உள்ளே போனார். குடித்தவர்கள் கிண்ணத்தை ஆட்டினார்கள். அர்பாப் எழுந்து "தஃபத்தல்" என்று கைகாட்டி அவர்களைக் கீழே அழைத்துப்போனார். மற்றவர்கள் ஏலக்காய் வாசனையை முகர்ந்தபடி பேச்சைத் தொடர்ந்தார்கள். மீட்டர் அறுபத்தொன்றில் நின்றது. அவர்கள் மேலே வந்து முற்றத்துக்குப் போனார்கள். முள் இறங்கியதும் கைக்குட்டையைத் தோளில் போட்டேன்.

நாலாவது குழுவில் சிக்கல். நேரம் கடந்தும் ஒருவரும் மேலே வரவில்லை. மீட்டர் அறுபத்தேழு. இறங்கிப் பார்த்தேன். ஒரு கிழவர் சுவரோரம் தரையில் அமர்ந்து, சிப்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். சிறு வயதில் முத்துக் குளித்தவராம். அவர் எழாததால் மரியாதைக்கு மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவரை எழச் சொல்ல அர்பாபுக்கு வாய் வரவில்லை. அறுபத்தொன்பது.

அர்பாபின் காதில் சொன்னேன். "அவர் இருக்கட்டும், எத்தனை நேரம் வேண்டுமானாலும். மற்றவர்களை மட்டும் அழைத்துப்போங்கள்."

"உங்கள் கணக்கு?"

"இனி பத்தொன்பது."

ஓடிப்போய் சாகுல் பாயிடம் சொன்னேன். "இப்ப ஒரு கிண்ணம் குறைச்சலா? என் காவாவுக்கே ரேஷன் போடுறீங்களே!" என்றார். ஆனாலும் கூஜாவில் ஒரு கிண்ணம் குறைத்தே ஊற்றினார். அதன்பின் கடைசி வரை பத்தொன்பது பத்தொன்பதாகத்தான் இறங்கினார்கள். கிழவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு அவரே அறையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

எல்லோரும் போனபின் கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தோம். அர்பாப் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினார். தரையில் வெளிச்சம் மூலை மூலையாக நகர்வது மேலிருந்து தெரிந்தது. நெடுநேரம் ஆயிற்று.

மேலே வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெறும் கை.

"மாஃபி" என்றார். ஒன்றுமில்லை. பிறகு, "எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். நூற்று முப்பத்தேழு பேர். வாய் வரை வந்த எண்ணை விழுங்கிக்கொண்டு, "அழைத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள் அர்பாப்" என்றேன்.

அவர் சிரித்தார். மறுநாள் காலை லாரி வந்து மணலை அள்ளிப்போனது.

இப்போது சூப்பர்வைசராகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அந்த எண்ணிக்கை விருந்தாளியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி.