பலூனில் போன மூவரும் ராத்தாவின் இத்தாவும்

என் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கணவர் மெசின் போட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய் நாலு வருடமாகியிருந்தது. அவரும் வரவில்லை, அவர் உடலோ போட்டின் ஒரு பலகையோ கரையொதுங்கவும் இல்லை. இனிக் காத்திருக்கத் தேவையில்லை, கணவனை இழந்தவளாக இத்தா இருக்கலாம் என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காதியார் சொல்லிவிட்டார். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்துவிட்டால், பிறகு அவள் மறுமணம் செய்யலாம். நிந்தவூரில் ஒரு சம்பந்தமும் காதோடு காதாகப் பேசப்பட்டது. ராத்தா மட்டும் அசையவில்லை.

"மையத்தக் கண்ட ஆரு? காணாத மவுத்துக்கு நான் ஏன் வெள்ள உடுக்கணும்?" என்று உம்மாவிடம் சீறுவாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் இடுப்பில் உடுத்த சாரனைத் தோய்த்து, மடித்து, அலுமாரியில் வைப்பாள். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும். அழுகையும் வரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகங்களைப் பின்னேரங்களில் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டுவேன். தையல் மெசினை மிதித்தபடி கேட்பாள். கதை பிடித்தால் மெசின் நின்றுவிடும். அந்த முறை வாசித்தது, ஆகாய விமானம் வருவதற்கு முன்பே பலூனில் ஏறி வட துருவம் தேடிப் போன மூன்று பேரைப் பற்றியது.

"அங்க கோடையில சூரியன் மறையாதாம்" என்றேன்.

மெசின் நின்றது. "அப்ப நோன்பு எப்ப துறக்கிற?"

"அவங்க நோன்பாளிகள் இல்ல, ராத்தா."

"இல்லாட்டி என்ன, பாவம், எப்ப படுக்கிற எண்டும் தெரியாதே."

அன்றிலிருந்து தொழுகைக்குப் பிறகு அந்த மூவருக்காகவும் துஆக் கேட்டாள். அவர்களில் இளையவனுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தார்கள். அவனுக்காகக் காத்திருந்த பெண் ராத்தாவுக்குச் சொந்தக்காரியே ஆகிவிட்டாள். "அவன் வருவான், பாரு" என்பாள்.

நான் அவசரக்காரி. முடிவை முன்னாலேயே வாசித்துவிட்டேன். பலூன் பனியில் இறங்கிவிட்டது. மாதக்கணக்காக நடந்து, கடைசியில் ஒரு தீவில் மூவரும் இறந்துபோனார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழிந்துதான் உடல்கள் கிடைத்தன. இளையவன் அந்தப் பெண்ணுக்கு எழுதிய கடிதமும் கூடக் கிடைத்தது. அதற்குள் அவள் வேறொருவரைக் கட்டியிருந்தாள்.

இதை எந்த வாயால் வாசிப்பது? "கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சி போச்சி" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ராத்தா மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் என்ற தைரியம். புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அதுதான் என் புத்தி.

திரும்பி வந்தபோது மெசின் சத்தம் கேட்கவில்லை. ராத்தா கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்தாள். ஏசப்போகிறாள் என்று நின்றேன்.

"அவள் கட்டினது பிழையா, புள்ள?"

"இல்ல ராத்தா. எத்தின வருசம் பாத்துக்கிட்டு இருப்பாள்?"

"ஓம்" என்றாள். புத்தகத்தை மூடினாள். "அவளுக்குப் புறகாலயாவது ஒரு கடிதம் வந்திச்சி."

எனக்குத் தாங்கவில்லை. அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமையும் சாரனைத் தோய்த்தாள். காய்ந்ததும் அலுமாரியில் வைக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்துவிட்டு, உம்மாவிடம் வெள்ளைப் புடவை கேட்டாள்.