பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்

நேற்று பேரன் வாங்கிவந்த நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. "என்ன தாத்தா, பிடிக்கலையா?" என்றான். பிடிக்காமல் இல்லை. எங்கள் படம் கெட்டுப்போனபோதும் இதே வாடைதான். சொன்னால் சிரிப்பீர்கள், நானும் ஒரு சினிமாவில் நடித்தவன்.

அப்போது திண்டுக்கல் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். சிறுமலை வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கதாநாயகன் மூக்கு என்று நம்பியிருந்த வயது. போட்டோ ஸ்டுடியோ துரைச்சாமி அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய சினிமா கேமராவைப் பிடித்து வந்தார். அவர் எடுக்கும் கல்யாணப் போட்டோக்களில் மாப்பிள்ளைக்குக் கண் மூடியே இருக்கும். ஊரில் அவரை யாரும் நம்பவில்லை, நாங்கள் நம்பினோம். எங்களையும் வேறு யாரும் நம்பாததுதான் காரணம்.

ஊருக்கு உதவாத இரண்டு பேர் சிறுமலையிலிருந்து வாழைத்தார் சுமந்து விற்கக் கிளம்பி, வழியிலேயே அத்தனை பழத்தையும் தின்றுவிடுகிறார்கள். இதுதான் கதை. ஒருவன் நான். இன்னொருவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கருப்பையா. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். அதே மனிதர் கேமரா முன்னால் நின்றால் துரைச்சாமி அண்ணன் சிரித்துச் சிரித்துக் கேமராவையே ஆட்டிவிடுவார்.

"ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கணும் தம்பி. எந்திரிச்சுப் போகாமச் சிரிக்கணும்" என்பார் கருப்பையா.

அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. படம் ஓடும்போது திரைக்குப் பின்னால் நின்று, உதட்டசைவுக்குத் தக்கபடி நாங்களே மைக்கில் பேசுவதாக ஏற்பாடு. கருப்பையாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டார். பிலிம் மெட்ராஸில் கழுவி வருவதற்குள் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

தாடிக்கொம்பு ரோட்டு டூரிங் கொட்டகையில் ஒரு சாயங்காலம் படத்தைக் காட்டினோம். அவர் வசனத்தையும் நானே பேசுவதாக இருந்தது. திரையில் கருப்பையா பல்லெல்லாம் தெரிய வந்து நின்றதும் நான் மைக்கை இறக்கிவிட்டேன். அவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. "எந்திரிங்கப்பா, போவோம்" என்று யாரோ சொல்ல, பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின.

அப்போதுதான் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, தாரு கனக்குது. ஆளுக்கொண்ணு தின்னா கனம் கொறையுமில்ல?"

கருப்பையாவின் மனைவி வெள்ளத்தாயி. உதட்டோடு அப்படியே பொருந்தியது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் மைக்கில் என் வசனத்தைச் சொல்ல, அவர் மணலில் உட்கார்ந்தபடியே கருப்பையாவாகப் பதில் சொன்னார். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்குப் பின்னால் நான் அழுதுகொண்டே காமெடி பண்ணினேன்.

கடைசிக் காட்சியில் கருப்பையா பழமில்லாத தார்த்தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, "செத்த நேரம் இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு மலை ரோட்டில் நடப்பார். அந்த வசனம் மட்டும் வரவில்லை. உதடு அசைந்தது, அவர் போய்விட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அம்புட்டும் சொன்னீங்க. கடசியில ஏன்க்கா விட்டுட்டீங்க?"

"அவரு கஞ்சி குடிக்கயிலகூட இதே பேச்சுத்தான், எல்லாம் பாடமாயிருச்சு" என்றார். பிறகு, "வராத மனுசனுக்கு வாரேன்னு நான் எப்படித் தம்பி சொல்லுவேன்?"

இருந்தது ஒரே பிரதி. பல வருஷம் கழித்து ஸ்டுடியோ அலமாரியில் அந்த டப்பாவைத் திறந்தபோது, சுருள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வினிகர் வாடை அடித்தது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். துரைச்சாமி அண்ணனும் இல்லை, வெள்ளத்தாயி அக்காவும் இல்லை. கருப்பையாவின் வசனம் மட்டும் எனக்கு இன்னும் பாடம். சொல்லிப் பார்த்தால் அவர் குரல் வரமாட்டேன் என்கிறது. அக்காவின் குரலில்தான் கேட்கிறது. அந்தக் கடைசி வசனம் எந்தக் குரலிலும் கேட்பதில்லை.