ராகேலின் நவம்பர் ஒன்று

தக்கலை ராகேல் என் வகுப்புத் தோழி. பிறந்தது நவம்பர் ஒன்று. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று அன்று எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் விடுமுறை. அவள் அப்பாவோ, "மக்கா, ஒனக்குப் பொறந்தநாளுண்ணுதான் லீவு" என்று சொல்லி வளர்த்தார். லீவை அவள்தான் எங்களுக்குத் தந்ததுபோல நடப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

மதுரையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், நவம்பர் ஒன்றுக்கு எங்கும் லீவுதான் என்று அறையிலேயே இருந்துவிட்டாள். மறுநாள் அதிகாரி விளக்கம் கேட்டார். விஷயம் அறிந்த அப்பா சிரித்தார். அதிலிருந்து வருடந்தோறும் அன்று காலையில் போன் செய்வார்: "இங்க ஒனக்கு லீவு விட்டாச்சு மக்கா. நீ வேலைக்கா போற?"

போன வருடம் அப்பா இல்லை. நவம்பர் ஒன்று காலை அவள் விடுப்பு விண்ணப்பம் எழுதினாள். காரணம்: "ஊரில் எனக்கு லீவு."