பதினோரு சிவப்பும் ஒரு கேக்கும்

அன்றைக்குப் பிரஸ் ஷாப்பில் கேக் வெட்டும்போது இருந்தவர்கள்: பிளான்ட் ஹெட் சார், எச்.ஆர். மேடம், போட்டோ எடுக்க வந்த செக்யூரிட்டி, என் லைனில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிற ஏழு பேர், பேக்கிங்கில் வெங்கடம்மாவையும் சேர்த்து நான்கு பெண்கள், லைன் இன்சார்ஜான நான். வந்திருக்க வேண்டிய மேன்கூலர் மட்டும் வரவில்லை.

மேன்கூலர் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய ஃபேன். எங்களுடையது மோட்டார் எரிந்து மூலையில் கிடந்தது. கும்மிடிப்பூண்டியில் மே மாதம் தகர ஷெட்டுக்குள் பிரஸ் ஓட்டிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். முந்தின வாரம் பிரஸ் ஓட்டுகிற டேவிட் தலை சுற்றி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிரஸ்ஸில் கை இருக்கும்போது தலை சுற்றினால் விரல் போகும். எனக்குச் சும்மாவே தூக்கம் வராது, அதற்கப்புறம் சுத்தமாக இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த படிப்பு இதுதான்: நல்ல பீஸ் பச்சை டப்பாவில், ரிஜெக்‌ஷன் சிவப்பு டப்பாவில். சிவப்பு டப்பா நிறைந்தால் மறுநாள் மீட்டிங்கில் இன்சார்ஜ் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த மாதம் எச்.ஆர். மேடம் புதிதாக லைனுக்கு ஒரு போர்டு கொண்டுவந்து, எங்களுடையதை என் மேஜைக்கு எதிரே மாட்டினார். ஷிஃப்டுக்கு வரும்போது அவரவர் டோக்கன் நம்பருக்கு நேரே ஒரு காந்த வில்லை வைக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தால் பச்சை, குறை இருந்தால் சிவப்பு. ஒன்பது மணிக்கு மேடம் போட்டோ எடுத்ததும் வில்லைகளை எடுத்துவிடுவார்கள். எந்த லைனில் சிவப்பு அதிகமோ அந்த லைனுக்கு முதலில் வசதி செய்து தருவதாகவும் மேடம் சொன்னாராம். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. சிவப்பு வில்லைகளைப் பார்த்த உடனேயே அந்தச் சிவப்பு டப்பாதான் ஞாபகம் வந்தது.

முதல் நாள் பதினோரு பேரும் சிவப்பு வைத்தார்கள். பதினோரு ரிஜெக்‌ஷன். என் வேலை போச்சு என்று முடிவே பண்ணிவிட்டேன். எட்டரைக்கு எல்லோரும் நாஷ்டாவுக்கு கேன்டீன் போனதும் எழுந்து, பதினொன்றையும் பச்சையாக மாற்றினேன். மறுநாளும். அந்த மாதம் முழுக்க. ஒரு நாள்கூட லீவு போடவில்லை, போட்டால் யார் மாற்றுவது?

மாதக் கடைசியில் புது மேன்கூலர் வெல்டிங் செக்‌ஷனுக்குப் போனது. எங்களுக்கு ‘மகிழ்ச்சியான லைன்’ என்று ஒரு ஷீல்டும் கேக்கும் வந்தன. பிளான்ட் ஹெட் சார் கைகொடுத்துவிட்டுப் போனார். அந்த வெக்கையில் க்ரீம் தானாக வழிந்துகொண்டிருந்தது.

வெங்கடம்மா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. "நைனா, மாசம் பூரா செவப்புதான் வச்சோம். வெல்டிங்காரனுங்களுக்கு காத்து, நமக்கு கேக்கா?"

"காந்தத்துக்குக் காலு மொளச்சிக்கிச்சி போல அக்கா," என்றான் டேவிட். அவனும் என்னைத்தான் பார்த்தான்.

அத்தனையையும் சொல்லிவிட்டேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகக் கேக்கை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள், அது அடியைவிடப் பேஜாராக இருந்தது. கடைசியில் டேவிட்தான் க்ரீம் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, "மேடத்தாண்ட போய் சொல்லிட்டு வாண்ணே. நாங்க மெஷினப் பாத்துக்கினு இருக்கோம்," என்றான்.

மேடத்திடம் போய் நின்று சொன்னேன். போனில் அந்த மாதத்து போர்டு போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப ஒரு மாசமா நான் போட்டோ எடுத்தது யாரோட சந்தோஷம்?"

"யாரோடதும் இல்ல மேடம். என்னோட பயம்."

வேலை போகவில்லை. புது மேன்கூலருக்குத்தான் இனி மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை வாடகைக்கு எடுங்கள், கேட் பாஸ் தருகிறேன், பில் போடுங்கள் என்றும் சொன்னார். பஜாரில் பந்தல் சாமான் கடையில் ஒரு ஃபேன் பிடித்தேன், நாள் வாடகை இருநூறு. கல்யாண வீட்டு ஜிகினா ஒட்டிக்கொண்டே இருந்தது. அது சுற்ற ஆரம்பித்ததும் வெங்கடம்மா, "பொண்ணு மாப்பிள்ளைய எங்க காணோம்?" என்றது. ஒரு வாரத்துக்கப்புறம் என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான்.

புதிதாக இன்சார்ஜ் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஆள் சிவப்பு வைத்தால் அது சிவப்பாகவே இருக்கட்டும். ஏன் வைத்தாய் என்று அவனிடமே போய்க் கேளுங்கள். கேட்பதற்கும் பயமாகத்தான் இருக்கும், எனக்கு இன்னும் இருக்கிறது.

மழை வந்து வெக்கை தணிகிறவரை இருபத்திரண்டு நாள் அந்த ஃபேன் ஓடியது. கைக்காசு போட்டுக் கட்டிவிட்டு பில் கொடுத்தேன். ஹெட் ஆபீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மகிழ்ச்சியான லைனுக்கு ஃபேன் எதற்கு என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது போர்டில் இன்சார்ஜுக்கும் ஒரு இடம் உண்டு. தினமும் நான் சிவப்புதான் வைக்கிறேன். வரவேண்டியது நாலாயிரத்து நானூறு ரூபாய்.