மூன்று நாளில் பழகிடுவான்

என் மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது நிறைகிறது. பால் மறக்கடிக்க வேண்டும். "மூணு நாள் அழுவா, பொறகு பழகிடுவா" என்று சொல்லிவிட்டு, என் மதினி அரிசி புடைக்கப் போய்விட்டார். நானும் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குத் தம்பியின் ஞாபகம்தான்.

எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். புதுச் செருப்பு கடித்தால், பழகிடும். விலைக்கு வாங்கி வந்த பசு கன்றைத் தேடிக் கத்தினால், பழகிடும். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் சரியாகச் சாப்பிடாவிட்டால், பழகிடுவார். சொல்பவர் ஒருவர், பழக வேண்டியவர் வேறொருவர்.

தம்பிக்குப் பால் மறக்கடித்தபோது எனக்கு எட்டு வயது. கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் இருந்தோம். கம்பளை ரோட்டில் வாப்பாவுக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. தம்பிக்கு இரண்டு வயது முடிந்ததும் உம்மா மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். அவன் முகத்தைச் சுளித்தான். பிறகு உம்மாவின் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டுக் குடித்தான். கற்றாழைக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மாமி, வாப்பாவின் அக்கா, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"கண்ணுல காணாட்டித்தான் மறப்பான். மூணு நாள் நீ இங்க ஈக்கப்படாது."

மறுநாள் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு உம்மா பின்வாசலால் புறப்பட்டார். "தம்பியப் பாத்துக்கோ மகள்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். உம்மா எங்கே போகிறார் என்று மாமியைக் கேட்டேன். "கண்டிக்கு" என்றார்.

அவர் வேறு எந்த ஊரின் பெயரைச் சொல்லியிருந்தாலும் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கண்டிக்குத்தான் போனார். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் மாட்டுவண்டியில் மவுத்தாகி, வெள்ளைத் துணி மூடித் திரும்பி வந்தார். அதுவரை அந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் "உம்மா கண்டியில ஈக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் தம்பி வீடு முழுக்கத் தேடினான். கதவுக்குப் பின்னால், அலுமாரிக்குப் பக்கத்தில், கிணற்றடியில். பசும்பாலைத் தட்டிவிட்டான். இனிப்பான கித்துள் பாணியை விரலில் தொட்டு நான் அவன் வாயில் வைத்தேன். இரண்டு முறை சப்பினான், பிறகு விரலைக் கடித்தான். ரோட்டில் வண்டிமாட்டின் சலங்கை கேட்கும்போதெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினேன். வண்டியில் தேங்காய் மூட்டையைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

இரண்டாம் நாள் அவன் தொண்டை கட்டிவிட்டது. வாப்பா சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி மாமியைப் பார்த்தார்.

"ராத்தா, இண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்தா என்ன?"

"ரெண்டு நாள் பட்ட பாடு வீணாப் போகட்டுமா? நீங்க கடைக்குப் போங்க. அவன விட நீங்கதான் கூட அழுவீங்க போல."

கடையில் பத்துப் பேரை அதட்டும் வாப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் தம்பி அழவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தான். என் மடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தியா புள்ள, பழகிட்டான்" என்றார் மாமி. அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். எனக்கோ அவன் அழுகையைவிட அந்த அமைதிதான் பெரிய பயமாக இருந்தது. அவன் தூங்கியபோது மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், அன்று காலை எழுந்ததிலிருந்து நானும் உம்மாவைத் தேடவில்லை. கண்ணை மூடி அவர் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். மூக்குத்தி வந்தது, நெற்றி வந்தது, சிரிப்பு மட்டும் வரவில்லை. நானும் பழகிக்கொண்டிருக்கிறேனா? உம்மா மவுத்தாகிவிட்டார், எல்லோரும் பழகும்வரை சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றே முடிவுசெய்தேன். மாமியிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா வந்தார். ரோட்டு வழியாக அல்ல, போன பின்வாசலாலேயே. கண்கள் வீங்கியிருந்தன. இரண்டு கைகளையும் நீட்டினார். தம்பி அவரைப் பார்த்தான். பிறகு திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தை வைத்தான். மாமி கைதட்டிச் சிரித்தார். உம்மாவும் சிரித்தார்.

"நல்லாப் பழகிட்டான்" என்றார் உம்மா.

நான் தம்பியோடு சேர்த்து உம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சட்டென்று வலியோடு விலகினார். அவர் மேலிருந்து மல்லிகைப்பூ வாசம் குப்பென்று வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் மூன்று நாளாய் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தேன். உம்மாவோ கண்டியில் ஏதோ கல்யாண வீட்டில் பூ வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதனால்தான் என்னைத் தள்ளுகிறார். எது அதிகமாக வலிக்கும் என்று தேடி, அதைச் சொன்னேன்.

"தம்பிக்கு இனி நீங்க வேணாம் உம்மா. நான் போதும்."

"நல்லம் மகள்" என்றார் உம்மா. அடுப்படிக்குப் போய், எரியாத அடுப்பை ஊதிக்கொண்டு குந்தியிருந்தார்.

பிறகுதான் தெரிந்தது, அவர் கண்டிக்கே போகவில்லை. நாலு வீடு தள்ளி, தன் தங்கையான எங்கள் சாச்சி வீட்டில், தம்பி அழுதால் கேட்கும் தூரத்தில்தான் மூன்று நாளும் இருந்தார். பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. அவர் தலையில் ஒரு பூகூட இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். பார்த்தும், அவர் மேல் இருந்த கோபம் எனக்குக் குறையவில்லை.