பானெட்டில் உப்பு வட்டங்கள்

தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் மூலக்குளம் வீட்டுக்கு வந்த மைத்துனர், செருப்பைக் கழற்றுவதற்கு முன் காரை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் என் மனைவியின் தம்பி. பாகூரில் டைல்ஸ், சிமென்ட் கடை வைத்திருக்கிறார். பளபளப்பை விற்பவர், கறை அவர் கண்ணுக்குத் தப்பாது.

"இன்னாக்கா இது? காருக்கு அம்மை போட்டாப்புல கீது."

பொய்யில்லை. அது கருநீலக் கார். வெயில் சாய்ந்து விழும்போது பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரியும். ஓரம் தடித்து, நடு வெளுத்து, வற்றிப்போன குட்டைகளை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும்.

காபி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பெண்ணழைப்புக்கு டிராவல்ஸில் ஒரு வெள்ளைக் கார் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறாராம்.

"பொண்ணு ஏறுற வண்டி. போட்டோ, வீடியோன்னு எடுப்பாங்க. அதான் யோசிக்கிறேன்."

மனைவி பத்திரிகையை உறைக்குள் திருப்பி வைத்தாள். அவள் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு இந்தக் காரை வாங்கினாள். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே தம்பி மகள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அத்த, என் கல்யாணத்துக்கு நீதான் என்னை இட்டுகினு போவணும்" என்றாள். கோயிலிலிருந்து மண்டபம் வரையிலான அந்தச் சின்னத் தூரம் அன்றிலிருந்து மனைவியுடையது. அது இப்போது கைவிட்டுப் போகப் பார்க்கிறது.

நான் நாளிதழில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தவன். முதலில் சொல்லப்படும் காரணத்துக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பார்ப்பது அந்த வேலை தந்த பழக்கம். காரின் புள்ளிகள் ஒரு காரணம். காரை ஓட்டப்போவது யார் என்பது இன்னொன்று. வாய்விட்டுச் சொல்லப்படாத காரணத்தை மறுக்க வழியில்லை. சொன்னதை மட்டும்தான் துடைக்க முடியும்.

புள்ளிகள் வந்த விதம் எளிமையானது. வெள்ளிக்கிழமை காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு, அதே பக்கெட்டிலிருந்து காருக்கும் தண்ணீர். வாசலுக்கு வீசுவது போலவே மனைவி அள்ளி வீசுவாள். பானெட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். தெளித்த வாசலை யாரும் துணி போட்டுத் துடைப்பதில்லை. காரையும் துடைக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வண்டிகளுக்கும் இதே முறைதான். போர்வெல் தண்ணீர் ஆவியாகிப் போனதும் அதிலிருந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் குளியலறைக் குழாயின் கழுத்திலும் படிவது இதே வெள்ளைதான். வகுப்பில் பலமுறை நடத்திய பாடம், பக்கெட்டைத் தூக்கும்போது அவளுக்கு நினைவுக்கு வந்ததேயில்லை.

அடுத்த ஞாயிறு காலை மைத்துனர் மறுபடி வந்தார். கையில் டைல்ஸ் கழுவும் ஆசிட் பாட்டில்.

"புது வூட்ல சிமென்ட் கறையே இதுல போயிடுதுக்கா. இந்தப் புள்ளி எம்மாத்திரம்? ஒரு மூடி ஊத்தி ஒரு இழுப்பு."

"கார் இன்னா உன் கடை டைல்ஸாடா?"

"எல்லாம் உப்புதானே? நீயே பாடம் நடத்துவியே, உப்புக்கு ஆசிட்னு."

"எந்த ஆசிட், எவ்ளோ தண்ணில, எதுமேலன்னும் சேத்துதான் நடத்தினேன். நீ அன்னிக்கு லீவு."

"பாத்தீங்களா மாமா, இன்னும் எனக்கு அட்டென்டன்ஸ் எடுக்குது."

ஆனாலும் அவருக்குத் தன் பாட்டிலின் சக்தியைக் காட்டிவிட வேண்டும். அதே தண்ணீர் தெறித்து வெளுத்திருந்த எங்கள் இரும்பு கேட்டில் கொஞ்சம் ஊற்றினார். சீறிக்கொண்டு நுரைத்தது. நெடி மூக்கில் ஏறி மூவரும் பின்வாங்கினோம். வெள்ளை போய்விட்டது. அவர் ஜெயித்த முகத்தோடு திரும்பினார். மனைவி நிறையத் தண்ணீர் ஊற்றி அந்த இடத்தைக் கழுவிவிட்டு, "சாப்ட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் இரு" என்றாள்.

சாயங்காலம் கேட்டின் கொண்டி பழுப்பேறியிருந்தது. அதையொட்டியிருந்த பச்சைப் பெயின்ட் மினுப்பு இழந்து மங்கிக் கிடந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாட்டிலின் மூடியை இறுக்கித் தன் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"சரி. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வாட்டி வந்து பாக்குறேன். பளிச்சுனு இருந்தா உன் வண்டி. இல்லன்னா டிராவல்ஸ்."

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் மனைவி வேலையைத் தொடங்கினாள். கார் வாசல் கூரையின் நிழலில் நின்றது. புறங்கையை பானெட்டில் வைத்து அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்தாள். சூடான தகட்டில் எந்த அமிலமும் சட்டென்று காய்ந்து புதுக் கறையாகிவிடும் என்றாள். முதலில் ஷாம்பு போட்டு மண்ணும் தூசியும் போகக் கழுவினாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, சமையலறை வினிகரையும் பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்தாள். நேராக பானெட்டுக்குப் போகவில்லை. கதவைத் திறந்து, கீழே யாரும் பார்க்காத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துத் துடைத்துக் கழுவி, நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் தொட்டாள்.

கலவையில் நனைத்த மெல்லிய துணியைக் கையகல இடத்தில் விரிப்பாள். அது காய்வதற்குள் எடுத்து, அழுத்தாமல் ஒரு துடைப்பு. உடனே நிறையத் தண்ணீர், பிறகு சோப்புத் தண்ணீர், மறுபடி தண்ணீர், உலர்ந்த துண்டு. அதன் பிறகே அடுத்த கையகலம். கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்துப் பிடிப்பது என் வேலை. விரல் நுனிக்கு மணல் போல நெருடிய இடங்கள் ஒவ்வொன்றாக வழுவழுப்பாயின. நீலத்துக்குள் எங்கள் வீட்டு முருங்கை மரம் தெரிந்தது.

ஒரே ஒரு வட்டம் மட்டும் நின்றது. பானெட்டின் நடுவில், வாராவாரம் பொட்டு வைத்த இடத்தில். இன்னொரு முறை துணி விரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"இது மேல ஒட்டினது இல்ல. பெயின்ட்டையே அரிச்சிருக்கு. பாலிஷ் போட்டா மேல்பூச்சைச் சீவித்தான் எடுக்கணும். வேணாம்."

வினிகர் பழைய மெழுகையும் எடுத்திருக்கும் என்று புதிதாக மெழுகு பூசி முடித்தாள்.

சொன்னபடி மைத்துனர் வந்தார். சுற்றி வந்தவரின் விரல், நான் எதிர்பார்த்த இடத்தில் நின்றது.

"இது போவலியாக்கா?"

"போவாது."

"பளிச்சுனு இருந்தான்னு சொன்னேன்."

"சொன்ன. இப்ப நீ சொல்லு. கார் சரியில்லையா, ஓட்டறவ சரியில்லையா?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சம்பந்தி வூட்ல கேப்பாங்கக்கா. பொண்ணு வண்டிய யாரு ஓட்டறதுன்னு."

"கேட்டா, அத்தைன்னு சொல்லு."

வட்டத்தின் மேல் வைத்த விரலை அவர் எடுக்கவில்லை. "வண்டிக்குப் பூ கட்றவன எத்தினி மணிக்கு வரச் சொல்லட்டும்?" என்றார்.

பெண்ணழைப்பு அன்று பின் சீட்டில் கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் நானும். முன்னால் மனைவி பட்டுப்புடவையில் ஸ்டீயரிங் பிடித்திருந்தாள். அவள் பக்கத்தில் மைத்துனர், கோயிலிலிருந்து மண்டபம் வரை இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"அப்பா, வண்டி நடந்துதான் போவுது" என்றாள் பெண்.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். தட்டைப் பிடித்திருந்த பெண்மணி மணப்பெண்ணுக்குப் பொட்டு வைத்தார். பிறகு வழக்கப்படி விரலைத் தோய்த்து பானெட்டிலும் ஒன்று வைத்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர். சுண்ணாம்பு காய்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். மனைவியின் கை கதவுப் பையிலிருந்த துண்டுக்குப் போனது. மணப்பெண் படியில் நின்று அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

மைத்துனர் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். "நான் தொடைக்கிறேன். நீ பொண்ணோட உள்ள போ."

அவள் போனாள். இரண்டு படி ஏறியவள் திரும்பினாள்.

"தேய்க்காதடா. ஒத்தி எடு."

அவர் ஒத்தி எடுத்தார்.